பச்சை முகக் கரடி

மாமா கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் இரண்டு கைலியும் ஒரு குடையும் பட்டுத்துணி இழுத்து அடித்த நாலு மரச்சட்டங்களும் ஒரு கரடியும் இருந்தன. கரடி படத்தில் இருந்தது. ஆனாலும் அது வந்த நாளிலிருந்து வீட்டில் ஓர் ஆள் கூடிவிட்டது போலத்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் கடைகளுக்கு விளம்பரத் தாள் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். அங்கே குடியுரிமைச் சட்டம் மாறி, நம் ஆட்களை ஊரைப் பார்த்துப் போகச் சொன்னபோது அவரும் கிளம்பிவிட்டார். அவர் செய்தது எழுத்துக் கோத்து அச்சடிக்கும் வேலை அல்ல. மரச்சட்டத்தில் கட்டிய பட்டுத்துணியில், மை இறங்கக் கூடாத இடங்களைக் காகிதம் வெட்டி அடைத்துவிடுவார். மேலே மையை ஊற்றி, ரப்பர் பதித்த ஒரு கட்டையால் ஒரே இழுப்பு. துணியின் கண்கள் வழியாக மை இறங்கி அடியில் கிடக்கும் தாளில் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நாலு நிறம் வேண்டுமென்றால் நாலு தடவை இழுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் காயவிட வேண்டும்.

அந்தக் கரடி அப்போது கொழும்பில் பெரிய பிரபலம் என்று மாமா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பத்திரிகையில் வரும் கார்ட்டூன். தபால்காரர் தொப்பியும் தோல்பையும் மாட்டிய கரடி. வாரா வாரம் ஒருவருடைய கடிதத்தை இன்னொருவர் வீட்டில் கொடுத்துவிடும். அதனால் வரும் கூத்துதான் கதை. பிஸ்கட் டின், பென்சில் பெட்டி, பலூன் எல்லாவற்றிலும் அந்த மூஞ்சிதான். ஒரு கம்பெனிக்காக மாமாவின் பட்டறை அதை ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கிறது. கம்பெனி கேட்டது தவிட்டு நிறக் கரடி. வேலை முடிந்ததும் மிச்சம் கிடந்த மைகளையெல்லாம் வைத்து மாமா தனக்காக ஒன்று இழுத்துக்கொண்டார். ஒரே தாளில் நாலு கட்டம், நாலு கட்டத்திலும் ஒரே கரடி. ஒன்றுக்கு மஞ்சள் முகம், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு ரோஸ், கடைசியாக இருந்ததற்குப் பச்சை. அந்தப் பச்சைக் கரடிக்குச் சிவப்பு மை இழுக்கும்போது தாள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அதனால் அதன் வாய் முகத்தில் இல்லாமல் கன்னத்துக்கு வெளியே நின்று சிரித்தது. எனக்கு நாலிலும் பிடித்தது அதுதான்.

பிற்காலத்தில் இப்படிப்பட்ட படங்களை வெளிநாடுகளில் பெரிய மண்டபங்களில் தொங்கவிட்டு, பாப் ஆர்ட் என்று பெயர் வைத்து, ஜனங்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதைக் கைகட்டிப் பார்த்தவர் அப்பா மட்டும்தான். அதுவும் கோபத்தில்.

அப்பாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமஸ்தா வேலை. உதியன்குளங்கரைச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் வீடு. அங்கிருந்து தினமும் சைக்கிளில் போய்வருவார். மொழி பார்த்து மாநிலம் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தெற்குத் தாலுகாக்களோடு எங்கள் தாலுகாவும் தமிழ்நாட்டில் சேர வேண்டும் என்று ஒரு பக்கம், கூடவே கூடாது என்று இன்னொரு பக்கம். எங்களைப் போன்ற வீடுகளில் சோறு தமிழில் கேட்போம், கடைத்தெருவில் மலையாளத்தில் விலை பேசுவோம், சண்டை வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அதில் திட்டுவோம். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்ல எங்களுக்குப் பதில் இல்லை. அப்பாவுக்கு இருந்தாலும் சொல்ல மாட்டார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்.

இரண்டு பக்கத்துக்காரர்களும் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக வந்தார்கள். வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே முன்னறைச் சுவரைத்தான் பார்ப்பார்கள். எந்தத் தலைவர் படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டுச் சுவரில் நாலு கரடிகள் இருந்தன. வந்தவர்கள் ஒரு நிமிஷம் அதைப் பார்ப்பார்கள். பிறகு அப்பாவைப் பார்ப்பார்கள். பிறகு மழையைப் பற்றியோ தேங்காயைப் பற்றியோ பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்த பிறகு அப்பா அந்தப் படத்தைக் கழற்றச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே துண்டால் அதன் தூசியைத் தட்டியதை நான் பார்த்தேன்.

மாமா வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுப்புரையைப் பட்டறை ஆக்கிக்கொண்டார். காட்டாக்கடையில் ஒரு ஜவுளிக்கடைக்கும் பாறசாலையில் ஒரு சோடாக் கம்பெனிக்கும் விளம்பரம் இழுத்துக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே அங்கேதான் போவேன். மை இழுத்த தாள்களைக் கொடியில் காயப்போடுவது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன். பகலில், நான் இல்லாத நேரத்தில், அவர் வேறொன்றும் இழுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

தெற்கே ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததற்குப் பிறகு எங்கள் பக்கமும் கூட்டம் கூடக் கூடாது, நோட்டீஸ் போடக் கூடாது என்று தடை வந்தது. அச்சகங்கள் பயந்துபோய் இந்த வேலைகளை எடுக்கவில்லை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற பக்கத்து ஆட்கள் மாமாவிடம் வந்தார்கள். மாமா மறுக்கவில்லை. கொழும்பில் ஒரு தடவை அவரை ஊரைவிட்டுப் போ என்று சொல்லியிருந்தார்கள். இன்னொரு தடவை தன்னை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவருக்கு இருந்ததாக அம்மா சொல்வாள். மாமாவே அதை ஒருநாளும் சொன்னதில்லை.

நோட்டீசுக்கு வாசகம் எழுதியதும் மாமாதான். அதை அவர் அப்பாவிடம் காட்டியது ஒரு மரியாதைக்குத்தான். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உனக்கு வேண்டாத வேலை என்று திட்டினாராம். திட்டிவிட்டுப் பேனாவை எடுத்து விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தாராம். பிறகு ஒரு றகரத்தை ரகரமாக்கினாராம். திருத்தம் அதிகமாகித் தாள் கரியாகிப் போனதும், தாங்க முடியாமல், ஆபீசில் எழுதிக் கெட்டுப்போன ஒரு படிவத்தைப் பையிலிருந்து எடுத்து அதன் பின்புறத்தில் முழு வாசகத்தையும் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். படிவத்தின் முன்புறம் சர்க்கார் முத்திரையும் அவருடைய ஆபீஸ் பெயரும் இருந்தன. ஐந்து வருஷமாக எந்தப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்த மனுஷரை அரசியல் அசைக்கவில்லை, எழுத்துப்பிழை அசைத்துவிட்டது. இதைப் பார்த்து எழுத்துகளைக் காகிதத்தில் வெட்டியதும் எரித்துவிடு என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். மாமா எரிக்கவில்லை. இன்னொரு தடவை வெட்ட வேண்டி வருமே என்று வைத்துக்கொண்டார். இழுத்துக் காய்ந்த நோட்டீசுகளையும் அந்தப் படிவத்தையும் கரடிப் படத்தின் சட்டத்துக்குள், படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் வைத்து ஆணியடித்துவிட்டார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் உற்றுப் பார்க்கிற இடம். அதனாலேயே பத்திரமான இடம் என்று நினைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும், கூடவே திருவனந்தபுரத்திலிருந்து வந்த, காக்கி போடாத ஒருவரும். அந்தக் காக்கி போடாத மனுஷர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கேயோ உள்ளவர். அவருடைய மகளும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவள் மலையாள வகுப்பு, நான் தமிழ் வகுப்பு. இடைவேளையில் மட்டும் ஒன்றாக விளையாடுவோம். அவளுடைய அப்பா என்பதால் நான் பயப்படாமல் அவர் பின்னாலேயே அறை அறையாக நடந்தேன்.

விறகுப்புரையில் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தார்கள். மை டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்தார்கள். சோடாக் கம்பெனி விளம்பரம் கிடைத்தது. ஜவுளிக்கடை விளம்பரம் கிடைத்தது. மாமாவின் பெட்டியைக் கவிழ்த்தார்கள். கைலியும் குடையும் விழுந்தன. முன்னறைக்குத் திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் கரடிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்தில் போய், கழுத்தைச் சாய்த்து, சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதெந்தா, கரடிக்கு முகம் பச்ச?" என்று கேட்டார்.

"அது கொழும்புக் கரடி ஆக்கும், சாரே" என்றார் மாமா.

நோட்டு வைத்திருந்த மனுஷர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படத்தை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அப்போது இன்ஸ்பெக்டர் அப்பாவின் பக்கம் திரும்பி, இந்தப் படத்தைத் தன் மகளுக்குத் தர முடியுமா, அவளுக்கு இந்த மாதிரிப் படங்கள் என்றால் உயிர் என்று மலையாளத்தில் கேட்டார். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். சோதனைக்கு வந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் பொம்மைப் படம் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அவர் முகத்தில் பார்த்ததில்லை. இவ்வளவு சுலபமாக இது முடிந்துவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவரே நாற்காலியில் ஏறிக் கழற்றிக் கொடுத்தார்.

"அது பழசு சாரே. நான் புதுசா ஒண்ணு இழுத்துத் தாறேன், நல்லதா" என்றார் மாமா.

"இது மதி" என்றார் இன்ஸ்பெக்டர். இதுவே போதும். கான்ஸ்டபிள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் கொடுக்காமல் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் அழுகையை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் என்னை இன்னும் அழவைத்தது. மாமா அப்பாவைக் கைபிடித்து உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வெளியே வந்து, கரடி தொங்கிய ஆணிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து மாமா புதிதாகக் கரடிகளை இழுத்தார். ஒவ்வொரு நிறமும் காய வேண்டுமே. அவர் விசிறியை எடுத்து வைத்துக்கொண்டு தாளுக்கு வீசினார். அப்பா வழக்கம்போல ஆபீஸ் போனார், வழக்கம்போல வந்தார். ஆனால் வழியில் யாராவது சைக்கிள் மணி அடித்தால்கூட நின்று திரும்பிப் பார்த்தாராம். சனிக்கிழமை காலையில் புதுப் படம் சட்டத்தோடு தயாராகிவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வர வேண்டியது நான். இன்ஸ்பெக்டர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, மகளுடைய சிநேகிதி என்ற முறையில் நான் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று மாமா கணக்குப் போட்டிருந்தார்.

"மக்கா, பழசு உனக்குப் பிரியமானதுன்னு செல்லு. அழுதாலும் சரி. ஆனா சட்டத்தோட அப்படியே கொண்டு வரணும். பின்பலகையத் தொடக் கூடாது, கேட்டியா?"

அழச் சொல்லித் தர வேண்டிய தேவை எனக்கு இல்லை. பழையதுதான் எனக்கும் வேண்டும்.

மாமா ரோட்டு முக்கில் ஒரு அயனிமரத்தடியில் நின்றுகொண்டார். நான் புதுப் படத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். கரடி இன்ஸ்பெக்டர் மகளின் கட்டிலுக்கு மேலே தொங்கியது. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, புதியதில் பச்சைக் கரடியின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அதனால் தனக்கு அது வேண்டாம் என்றாள். எந்தக் காரணத்துக்காக எனக்கு அது பிடித்ததோ அதே காரணம். அந்தக் காரணம் எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். உலகத்தில் யார்மேலும் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"அது எங்க வீட்டுப் படம்."

"உன்றெ அச்சன்தான் தந்தது" என்றாள். உன் அப்பாதான் கொடுத்தார்.

நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன், அவள் ஒரு பக்கம் பிடித்தாள். படம் கவிழ்ந்தது. பின்பக்கத்தில் எங்கள் வீட்டுப் பலகை இல்லை. ஒரு பழைய காலண்டர் அட்டையைச் சின்ன ஆணிகளால் அடித்திருந்தார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. நான் அவள் கையைக் கடித்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அவளுடைய அம்மா வந்தாள். பாலக்காட்டுக்காரி, நல்ல தமிழ் பேசுவாள். எங்கள் இருவரையும் பிரித்து நிறுத்தினாள். மகளைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள். மாமா என்றேன். மாமா எங்கே என்றாள். என் கண் சன்னல் பக்கம் போனது. அவள் சன்னலருகே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பழைய படத்தை மறுபடியும் அதே ஆணியில் மாட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய், பத்திரிகைத் தாளில் சுற்றி நூலால் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் துணிப்பையில் வைத்தாள்.

"படம் பின்னால கொஞ்சம் வேஸ்ட் பேப்பர் இருந்தது, மோளே. உங்க அம்மாகிட்ட குடு. அடுப்பு பத்த வைக்க ஆகும்னு நான் சொன்னதாச் சொல்லு. அம்மா கையில மட்டும் குடுக்கணும். மாமா கையில குடுக்கக் கூடாது. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். புதுப் படத்தையும் திரும்பத் தூக்கிக்கொண்டு, அவமானத்தில் வெந்துகொண்டே அயனிமரத்தடிக்கு வந்தேன். கரடி கேட்டுப் போன எனக்கு அடுப்பெரிக்கக் குப்பைத்தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"கிட்டிச்சா?" என்றார் மாமா.

"இல்ல."

"எதாவது சொன்னாளா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். சத்தியம் செய்திருந்தேன், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் குப்பைத்தாள் கதையை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் பெரிய காரணம். பை என் தோளில் தொங்கியது. மாமாவின் கை அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தது.

அம்மா வீட்டில் இல்லை. பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிரசவம், காலையிலேயே போயிருந்தாள். மாமா மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். எழுதி முடித்து, அப்பாவின் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்தார். கைலியையும் ஒரு சட்டையையும் பையில் திணித்தார்.

"நான் தெக்க போறேன். அம்மைகிட்ட செல்லு. அத்தானுக்கு ஒண்ணும் வராது, எல்லாம் நான் செய்ததுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"எப்ப வாறீங்க?"

"வாறேன்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. குடையை மறந்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து புதுக் கரடிகளின் சரியான வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தபோது உச்சிவெயில். சொன்னபடியே பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன்; சொன்னபடியே அடுப்புக்கு ஆகும் என்றேன். அம்மாவும் அதை உண்மையாகவே அடுப்படிக்குக் கொண்டுபோய் நூலை அறுத்தாள். எட்டிப் பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டீசுகள் ஒரே அடுக்காக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, யாரோ பார்த்து வைத்தது போல, அப்பா எழுதிய படிவம் இருந்தது.

"மாமன் எங்கலே?" என்றாள். பெண் பிள்ளையை அம்மா எலே என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

சொன்னேன். அவள் எழுந்து ரோடுவரை ஓடிப்போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கவிடாமல் அப்படியே சந்திக்கு விரட்டினாள். தெற்கே போகும் பஸ் போய் வெகுநேரமாகிவிட்டது என்று அங்கே டீக்கடையில் சொன்னார்களாம். அப்பா திரும்பி வந்து, அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகத் தானே வைத்து எரித்தார். மாமாவின் கடிதத்தையும் வைத்தார். அன்றைக்குச் சோறு ஆக மூன்று மணி தாண்டிவிட்டது.

மாமாவுக்குச் சேதி போய்ச் சேர நாளானது. அதற்குள் அவர் மார்த்தாண்டத்தில் ஒரு போர்டு எழுதும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நிலைமை ஆறட்டும் என்று அங்கேயே இருந்தார். அங்கேயே பெண் பார்த்தார்கள். கடைசியில் எல்லை பிரித்தபோது கோடு எங்கள் ஊருக்குத் தெற்கே விழுந்தது. மாமா தமிழ்நாட்டிலும் நாங்கள் கேரளத்திலுமாக ஆனோம். பஸ்ஸில் போனால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற தூரம்தான். ஆனாலும் அவர் எங்கள் வீட்டில் வந்து தங்கியது பிறகு இரண்டோ மூன்றோ தடவைதான்.

இந்தச் சங்கதிகளில் பாதியை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. சின்னப் பிள்ளையிடம் சொன்னால் பள்ளிக்கூடத்தில் போய் வாயைத் திறந்துவிடும் என்ற பயம் அப்போது. நான் பொட்டலத்தை வழியிலேயே மாமாவிடம் கொடுத்திருந்தால் அவர் போயிருக்க மாட்டாரே என்று கேட்டேன். கொடுத்திருந்தால் அவன் அதையெல்லாம் அன்றைக்கே ஊர் முழுக்க ஒட்டியிருப்பான், போலீஸ்காரர் வீட்டு அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது என்றாள் அம்மா. படத்தைக் கேட்டு வாங்கிய நிமிஷத்திலேயே இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தெரியும், நோட்டு வைத்திருந்தவன் கையில் சிக்காமல் இருக்கத்தான் அவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார் என்பது அம்மாவின் கட்சி. இல்லை, அவர் மகளுக்காகத்தான் கேட்டார், பலகை கழன்றபோது மனைவிதான் கண்டுபிடித்திருக்கிறாள், அவரிடம் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிட்டாள் என்பது அப்பாவின் கட்சி. இருவரும் கடைசிவரை இதில் ஒத்துப்போகவில்லை. போய்க் கேட்டுவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை. கேட்கக் கூடிய விஷயம் அல்ல அது.

அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்த வீட்டுக்காரர்கள் கரடியை எடுத்துக்கொண்டார்கள், அதற்குப் பிறகு மாமாவும் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் மகளோடு பேசுவதை விட்டேன். இடைவேளையில் அவள் வருகிற பக்கம் போகமாட்டேன். அவள் கையில் என் பல் பட்ட தழும்பு இரண்டு வாரம் இருந்தது. அவள் அதை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அதைக்கூட நான் அவளுடைய திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஸ்பெக்டருக்கு வடக்கே மாற்றல் ஆகிவிட்டது. போகிற அன்று அவருடைய மனைவியும் மகளும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மகள் கையில் பத்திரிகைத் தாள் சுற்றிய அந்தப் படம் இருந்தது. அதை எனக்கே கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"பிள்ளே, வெளிய வா. அவங்க போவுதாங்க" என்றாள் அம்மா.

நான் போகவில்லை. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் போயிருக்க வேண்டிய அப்பா அன்று வீட்டில் இருந்தார். வாசல் கதவைத் தானே போய்த் திறந்துவிட்டு, ஓரமாக நின்றார். போலீஸ்காரர்கள் ரோட்டில் போனாலே உள்ளே வந்துவிடும் அம்மா, அந்த அம்மாளின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் தோள் குலுங்கியது. மாமாவைத் துரத்திவிட்டவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளே என்று எனக்கு அம்மாமேல் வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டரின் மகள் என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு படத்தை மாரோடு அணைத்துக்கொண்டு தன் அம்மாவின் பின்னால் போய் ஜீப்பில் ஏறினாள். கடைசிவரை வெளியே வராமல் இருந்துவிட்டதால், அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.